நிழலும் ஒரு கொடை: பாடசாலை முற்றத்தின் சிறு வரலாறு

நூற்றாண்டு மலர்களில் பாடசாலையின் வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த அதிபரின் காலத்தில் எந்த மண்டபம் எழுந்தது, யார் அடிக்கல் நாட்டினார், யார் திறந்து வைத்தார் என்பனவெல்லாம் கல்லிலும் ஏட்டிலும் இருக்கின்றன. அந்தக் கட்டடங்களுக்கு நடுவே இருந்த முற்றத்துக்கு அடிக்கல் இல்லை. திறப்பு விழா இல்லை. ஆகையால் வரலாறும் இல்லை. ஆனால் பழைய மாணவிகள் நாலு பேர் கூடினால் பேச்சு முற்றத்தில்தான் போய் நிற்கும். வேப்பமர நிழல், வலைப்பந்தாட்டத் திடல், தண்ணீர்க் குழாயடி, இடைவேளை மணி என்று எல்லாமே அங்கே நடந்தவைதான்.

சிறுவர் நோய்களைப் பார்க்கும் வைத்தியர் என்ற வகையில் அந்த முற்றத்தின் வரலாற்றைச் சிறிது எழுத விரும்பினேன். நமது சங்கம் தொடங்கப்பட்ட காலத்தில், பிள்ளைகளுக்குத் திறந்த வெளியும் மரநிழலும் வேண்டும் என்று சொன்னவர்கள் அழகைக் கருதிச் சொல்லவில்லை. நோயைக் கருதிச் சொன்னார்கள். இடையில் அந்தப் பேச்சு மறைந்துபோயிற்று. இப்போது வெயில் அதை மீண்டும் நமக்கு நினைவூட்டுகிறது.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக

கொழும்பு காலிமுகத் திடலில் கடலோர நடைபாதை அருகே ஒரு பழைய கல் உண்டு. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பு நகரப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி, தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளின் கவனத்துக்கு விட்டுச்செல்வதாக அதில் பொறித்திருக்கிறார்கள். அவர் மனத்தில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் யார் என்பதில் நமக்குச் சந்தேகம் வேண்டியதில்லை. குடியேற்ற ஆட்சியாளரின் குடும்பங்களே முதலில் வந்து நின்றிருக்கும். எனினும் நகரத்தின் திறந்த வெளியொன்று யாருக்காக, எதற்காக என்று கல்லில் எழுதிவைத்தது கவனிக்கத்தக்கது. அடுத்து வருபவர்கள் அதைக் கட்டடமாக்கிவிடுவார்களோ என்ற பயமும் அந்த வாசகத்தில் தெரிகிறது.

இந்தச் சிந்தனைக்குப் பின்னால் லண்டன் நகரின் இறப்புப் பதிவேடுகள் இருந்தன. வில்லியம் ஃபார் என்ற வைத்தியர், பதிவாளர் நாயகம் அலுவலகத்தில் இறப்புக் காரணங்களைத் தொகுக்கும் பணியில் இருந்தார். நெருக்கமும் வறுமையும் மிகுந்த கிழக்கு லண்டனில் ஒரு பூங்கா அமைந்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மரணங்கள் குறையும் என்று 1839ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் வாதிட்டார். அதைத் தொடர்ந்து மக்கள் விண்ணப்பம் எழுந்தது; 1845இல் விக்டோரியா பூங்கா திறக்கப்பட்டது. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். அந்தக் காரணம் பிழை என்று பின்னர் தெரிந்தது. ஆனால் நெரிசலான இடத்துப் பிள்ளைகள் கூடுதலாக இறக்கிறார்கள் என்ற கணக்கு பிழையாகவில்லை.

பெண்கள் இந்த வரலாற்றில் எப்போது வருகிறார்கள் என்று பார்த்தால், மிகவும் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறார்கள். பேர்லினில் பிறந்து மருத்துவிச்சியாகப் பயின்று, அமெரிக்கா சென்று வைத்தியராகப் பட்டம் பெற்றவர் மேரி ஸக்ஷெவ்ஸ்கா. 1862இல் பொஸ்டன் நகரில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான வைத்தியசாலையொன்றைத் தொடங்கினார். 1885இல் பேர்லினுக்குப் போயிருந்தபோது, அங்குள்ள பூங்காக்களில் மணல் குவித்துப் பிள்ளைகளை விளையாட விட்டிருப்பதைக் கண்டு பொஸ்டனுக்கு எழுதினார். அதே ஆண்டு அந்நகரின் ஏழைக் குடியேற்றவாசிகள் வாழ்ந்த பகுதியில், ஒரு சிற்றாலயத்தின் முற்றத்தில் மணல் கொட்டப்பட்டது. அமெரிக்காவின் சிறுவர் விளையாட்டிட இயக்கத்தின் தொடக்கமாக அந்த மணல் முற்றத்தையே பலர் குறிப்பிடுகிறார்கள். அந்நாட்களில் கோடை காலம் என்றால் நகரத்துக் கைக்குழந்தைகளுக்கு வயிற்றோட்டம், மரணம் என்று பொருள். வீட்டுக்குள் புழுக்கம், வெளியே வண்டிகள் ஓடும் தெரு. பிள்ளைக்கு மூன்றாவதாக ஓர் இடம் தேவைப்பட்டது.

லண்டனின் டெப்ட்ஃபோர்ட் பகுதியில் றேச்சல், மார்கரெட் மக்மிலன் என்ற சகோதரிகள் 1910இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையமொன்றை நடத்தினார்கள். மருந்து கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் அதே நோயோடு திரும்பத் திரும்ப வருவதை அவர்கள் கண்டார்கள். ஆகவே தோட்டத்தில் பிள்ளைகள் இரவில் தூங்குவதற்கு முகாம் அமைத்தார்கள். 1914இல் திறந்தவெளிப் பாலர் பாடசாலையைத் தொடங்கினார்கள். கட்டடத்தைக் கட்டிவிட்டு மீதி நிலத்தில் தோட்டம் வைப்பது வழக்கம். இவர்களோ தோட்டத்தையே பாடசாலையாகக் கொண்டு, அதற்குள் சிறு கொட்டகைகளை வைத்தார்கள்.

கெடிஸ் கொழும்புக்கு வந்தார்

இந்த எண்ணங்களை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஸ்கொட்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ். அவர் அடிப்படையில் தாவரவியலாளர். எடின்பரோவின் பழைய நகரில், சேரிகளுக்கு இடையே வெறுமையாகக் கிடந்த நிலத்துண்டுகளை அவரது குழுவினர் தேடிக் கணக்கெடுத்தார்கள். 76 துண்டுகள், மொத்தம் சுமார் 10 ஏக்கர் தேறியது. அவருடைய மகள் நோரா கெடிஸ் அவற்றிற் சிலவற்றைப் பிள்ளைகளுக்கான தோட்டங்களாக மாற்றினார். அவற்றிற் சில இன்றும் தோட்டங்களாகவே இருக்கின்றன.

கெடிஸ் 1914இல் இந்தியாவுக்கு வந்தார். சென்னை மாகாணத்து நகரங்களையும் பார்வையிட்டார். மலேரியாவுக்குப் பயந்து ஊர்க் குளங்களை மண்போட்டு மூடும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. குளத்தை மூடாதீர்கள், மீனும் வாத்தும் விட்டு நுளம்புக் குடம்பிகளைக் கட்டுப்படுத்துங்கள், குளம் ஊருக்குக் குளிர்ச்சி தருகிறது என்று அவர் அறிக்கைகளில் வாதிட்டார். பின்னர் கொழும்புக்கு அழைக்கப்பட்டு, 1921இல் அந்நகரின் அமைப்புப் பற்றிய முதல் அறிக்கையை எழுதினார். கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகரமாக அவர் கண்டார். கறுவாத் தோட்டத்து நிழல் வீதிகளில் நடப்பவர்கள் அந்தக் கனவின் ஒரு பகுதியை இன்றும் காணலாம். ஆனால் நிழல் எல்லா வீதிக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. கொழும்பு வடக்கின் தோட்டக் குடியிருப்புகளில் பெயரில் மட்டுமே தோட்டம் இருக்கிறது.

நம் ஊரின் நிழல் தர்மம்

மேலைநாட்டார் சொல்லித்தான் நமக்கு நிழல் தெரிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணம் ஆறில்லாத, மலையில்லாத சுண்ணக்கல் நிலம். மாரி மழை ஓய்ந்தால் அடுத்த பெருமழைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலம். ஆகவே நிழல் கொடுப்பதை நம் முன்னோர் தர்மமாகவே செய்தார்கள். வழிப்போக்கருக்கு மடம், மடத்தருகே கிணறு அல்லது கேணி, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, கால்நடைகள் நீரருந்தத் தொட்டி, உடல் உராய ஆவுரஞ்சிக் கல், இவற்றுக்கு மேலே ஓர் ஆலோ அரசோ வேம்போ என எல்லாம் ஒரு தொகுதியாக இருந்தன. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் இதன் உச்சம். போகும் தெருவுக்கு மேலேயே கூரை போட்டுத் திண்ணை வைத்திருக்கிறார்கள். நடந்து போகிறவர் மடத்தைத் தேடி ஒதுங்க வேண்டியதில்லை. தெருவே அவரை நிழலுக்குள் கொண்டுபோய் விடும்.

வீட்டிலும் அப்படித்தான். நாற்சார் வீடு, விறாந்தை, கிடுகு வேலி, கோடியில் முருங்கையும் மாவும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் எழுதிப் படித்ததும் நிழலில்தான். பின்னர் மிஷனரிமாரும் சைவப் பெரியோரும் பாடசாலைகளைக் கட்டியபோது, அகன்ற விறாந்தையும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் முற்றத்தில் மரமும் இந்த மரபின் தொடர்ச்சியாகவே வந்தன.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் இந்த மரபு எதிர்பாராத விதமாக நம்மைக் காப்பாற்றியது. வலிகாமத்துப் பாடசாலைகள் பல தென்மராட்சியில் மாமரங்களுக்குக் கீழும் கொட்டில்களிலும் மாலை நேர வகுப்புகளாக நடந்தன. என் வயதுக்காரர் பலர் சாதாரண தரத்துக்குப் படித்தது அந்த மரங்களின் கீழ்தான். அதே யுத்தம் ஆயிரமாயிரம் பனைகளையும் கொண்டுபோயிற்று. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைக்குப் பதிலாக இன்று கொட்டை புதைத்தாலும், வயதுவந்த பனையாக ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

முற்றம் சுருங்கியது ஏன்?

முற்றங்கள் சுருங்கியதற்கு ஒருவரையும் குற்றஞ்சாட்ட முடியாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அந்தந்தக் காலத்தில் நல்ல நியாயம் இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்ததும் பாடசாலைகளின் வாசல் திறந்தது, பிள்ளைகள் பெருகினார்கள், வகுப்பறைகள் வேண்டியிருந்தன. விஞ்ஞானகூடம், நூலகம், கணினி அறை, மலசலகூடத் தொகுதி எல்லாம் வேண்டியவையே. இருந்த நிலம் முற்றம் ஒன்றுதான்.

மருத்துவமும் தெரியாமல் இதற்குத் துணைபோயிற்று. காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் வெளிக்காற்றே சிகிச்சையாக இருந்தது. 1940களில் ஸ்ரெப்ரோமைசின் வந்தது; தடுப்பூசிகள் வந்தன; பின்னர் ஜீவனி போன்ற உப்புக் கரைசல் பைக்கற்றுகள் வயிற்றோட்ட மரணங்களைக் குறைத்தன. வைத்தியர்கள் பிள்ளையின் உடலைப் பார்க்கத் தொடங்கி, பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பாடசாலை முற்றம் சுகாதாரத் தேவை என்று சொல்ல ஆளில்லாமற் போனபோது, அது வெறும் காலி நிலமாகிவிட்டது. காலி நிலத்தில் சீமெந்து போட்டார்கள், இன்டர்லொக் கல் பதித்தார்கள், வாகனங்களை நிறுத்தினார்கள். வேர் கட்டடத்தை உடைக்கிறது, சருகு கூரையில் தண்ணீரைத் தேக்கி டெங்கு வருகிறது என்று மரங்களும் ஒவ்வொன்றாகப் போயின. நுளம்புக்குப் பயந்து குளத்தை மூடிய கதைதான் இது.

வெயிலும் பிள்ளையின் உடலும்

2024 பெப்ரவரியில், வெப்பம் மிகுந்த நாட்களில் பிள்ளைகளை வெளிக்கள விளையாட்டுகளில் ஈடுபடுத்துவதைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் காலம் அது. நாம் படித்த காலத்தில் மழைக்கு விளையாட்டுப் போட்டி பிற்போடப்பட்டதுண்டு, வெயிலுக்கு இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முற்பாதியில் சூரியன் நம் தீவுக்கு நேர் உச்சியில் வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு அது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும். வாடையும் போய், சோளகமும் வராத, காற்றடங்கிய நாட்கள். நண்பகலில் நம் நிழல் நம் காலடியிலேயே சுருண்டுவிடும். சுவரின் நிழலும் கட்டடத்தின் நிழலும் அந்நேரம் உதவா. தலைக்கு மேலே விரிந்த கூரையோ மரமோ மட்டுமே நிழல் தரும்.

உடல் சூட்டை இழப்பது முக்கியமாக வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரப்பதன் கூடினால் வியர்வை வழியுமே ஒழிய ஆவியாகாது. அதோடு வெயில் மேலிருந்தும், சுட்ட தரை கீழிருந்தும் சூட்டை வீசுகின்றன. உச்சி வெயிலில் சீமெந்துத் தரையின் வெப்பநிலை 50 பாகை செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். சிறு பிள்ளையின் முகம் அந்தத் தரைக்கு நம்மைவிட அருகில் இருக்கிறது. மரநிழலில் வெப்பமானி காட்டும் காற்றின் சூடு ஓரிரு பாகைதான் குறைந்திருக்கும். ஆனால் மேலிருந்தும் கீழிருந்தும் வரும் கதிர்ச்சூடு தடுக்கப்படுவதால் உடல் உணரும் சூடு மிகக் குறைந்துவிடும். இலைகள் நீரை ஆவியாக்கித் தம்மையும் குளிர வைத்துக்கொள்வதால், தகரக் கூரைபோல மரம் சுடுவதில்லை. தகரக் கொட்டகையில் இருப்பதற்கும் மரத்தடியில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதுவே காரணம்.

பிள்ளைகளின் உடல் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலில் மிகக் குறைந்தது என்று முன்னர் எங்கள் பாடநூல்கள் சொல்லின. அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகம் 2011இல் அந்தக் கருத்தைத் திருத்தியது. ஆரோக்கியமான, போதிய நீர் அருந்திய பாடசாலைப் பிள்ளை பெரியவரைப் போலவே வெப்பத்தைச் சமாளிக்கும். கைக்குழந்தைகளும் நோயுள்ள பிள்ளைகளும்தான் தனிக் கவனத்துக்குரியவர்கள். பிள்ளையை விழுத்துவது பெரும்பாலும் அளவு மீறிய உடலுழைப்பு, நீர் அருந்தாமை, இடையில் ஓய்வின்மை. இந்த மூன்றையும் தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள். நேரசூசி நம் கையில் இருக்கிறது; முற்றமும் நம் கையில்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இன்னொன்று உண்டு. சிறுநீர் கழிக்கும்போது எரிவு என்று அழைத்துவரப்படும் மாணவிகளிடம் பாடசாலையில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டால், பலர் தாயைப் பார்த்துவிட்டுத் தலைகுனிவார்கள். மலசலகூடத்துக்குப் போக விருப்பமில்லாததால் காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை தண்ணீரே குடிப்பதில்லை. இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேர் அப்படி இருந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீர் குறைந்த உடலோடு வெயிலில் நிற்கும் பிள்ளைக்குத் தலையிடியும் மயக்கமும் வருவதில் வியப்பில்லை. ஆகவே துப்புரவான மலசலகூடமும் வெப்பத்துக்கான மருந்துகளில் ஒன்றே.

வெயில் என்று பிள்ளைகளை வகுப்பறைக்குள்ளேயே அடைத்து வைப்பதும் தீர்வல்ல. சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில், வெளியே சென்ற பிள்ளைகளில் சுமார் 30 வீதமானோருக்கும் மற்றவர்களில் சுமார் 40 வீதமானோருக்கும் குறும்பார்வை ஏற்பட்டது. கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் மரநிழலிலும் வகுப்பறையைவிடப் பன்மடங்கு உண்டு. ஓடியாடாத பிள்ளைக்கு உடற்பருமன் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை வெளியே போக வேண்டும்; அதற்கு வெளியே நிழல் வேண்டும்.

நாம் என்ன கொடுக்கப் போகிறோம்?

பழைய மாணவிகள் சங்கங்களின் கொடைகள் எல்லாம் பெரும்பாலும் பெயர் பொறிக்கக்கூடியவை. மேடை, மண்டபம், வளைவு, கதிரைகள் என்று பட்டியல் நீளும். அதில் தவறில்லை. ஆனால் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள நம் கிளைகள் இந்த நூற்றாண்டையொட்டிப் பணம் சேர்க்கும்போது, முற்றத்தையும் ஒரு கட்டடம்போலக் கருதி அதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதலாவது, இருக்கும் மரங்களைக் காப்பது. ஒரு முதுமரத்தின் நிழலை நூறு கன்றுகள் உடனே தந்துவிட மாட்டா. பாடசாலைகளில் மரம் விழுந்து பிள்ளைகள் இறந்த துயரங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. எனவே ஆண்டுதோறும் தகுதியுள்ளவர்களைக் கொண்டு மரங்களைச் சோதித்து, பட்ட கிளைகளை அகற்றும் செலவைச் சங்கம் ஏற்கலாம். மரத்தின் அடியைச் சுற்றிச் சீமெந்து பூசாமல் மண்ணாக விட வேண்டும். வேருக்குக் காற்றும் நீரும் போகும். மழை நீரும் நிலத்துக்குள் இறங்கும். கிணற்று நீரை நம்பியிருக்கும் குடாநாட்டில் இது சிறிய விடயமல்ல.

இரண்டாவது, நடுவது. மரநடுகை விழா நடத்துவது இலகு. நட்ட கன்று அடுத்த ஆவணியில் இருக்கிறதா என்று பார்ப்பதே கடினம். கார்த்திகை மழையோடு நட்டு, குறைந்தது மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒருவருக்கான சம்பளத்தையும் சேர்த்துக் கொடுப்பதே முழுக்கொடை. வேம்பு நம் மண்ணின் மரம். ஆனால் மாசி பங்குனியில் இலை உதிர்த்துச் சித்திரையில் தளிர்க்கும். ஆகவே புங்கை, நாவல், மகிழ், பூவரசு ஆகியவற்றையும் கலந்து வைத்தால் எந்த மாதமும் முற்றம் வெறுமையாகாது.

மூன்றாவது, மரம் வளரும் வரை காலைக் கூட்டம் நடக்கும் இடத்துக்கும் குழாயடிக்கும் ஓலைப் பந்தலோ நிழல் வலையோ அமைப்பது. நான்காவது, பூட்டும் தண்ணீரும் வெளிச்சமும் உள்ள மலசலகூடங்கள். ஐந்தாவது, செலவே இல்லாதது: விளையாட்டுப் போட்டியைக் காலையிலும் பிற்பகல் நான்கு மணிக்குப் பின்னரும் நடத்தும்படியும், பிரதம விருந்தினருக்காகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைக்காதிருக்கும்படியும் அதிபரிடம் நாம் கேட்பது. பிரதம விருந்தினர்களில் பலர் நம் சங்கத்தவர்களே என்பதால், பந்தலுக்குக் கீழ் நமக்குக் கதிரை போட்டிருக்கும்போது இதைக் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் நூற்றாண்டு நிதியின் பங்கீடு பேசப்படும்போது, கட்டட நிதிக்குப் பக்கத்தில் முற்ற நிதி என்று ஒரு தலைப்பையும் சேர்க்குமாறு பிரேரிக்க இருக்கிறேன். வழிமொழிய முன்வருபவர்கள் செயலாளருக்கு முன்கூட்டியே அறிவித்தால் நல்லது. வெளிநாட்டுக் கிளைகளில் உள்ளவர்கள் தங்கள் கிளைக் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். வரும் கார்த்திகையில் முதற் கன்றுகளை நட்டால், இன்று பாலர் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் உயர்தர வகுப்புக்கு வரும்போது அவற்றின் கீழ் இருந்து படிப்பார்கள்.